என் வாயைப் பார்க்கும் மகள்

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு மத்தியானச் சோற்றோடு சரி. படிப்பு ஏறாத மண்டைக்கு ஈடாகச் சாமி ஒரு வாயைக் கொடுத்தார். அதை வைத்துத்தான் நல்லம்பள்ளிப் பக்கம் தெருத்தெருவாக வண்டியில் தக்காளி விற்கிறேன். மைக்கைப் பிடித்தேன் என்றால் அழுகல் தக்காளிகூடச் சிரிக்கும். அப்படிப்பட்டவனின் மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. காதில் கோளாறு இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள்.

அவள் பேசாததை வெளியே தெரியவிட மாட்டேன். அவளுக்கும் சேர்த்து நானே கீச்சுக்குரலில் பேசிவிடுவேன்.

பேச்சுப் பயிற்சிக்காகத் தருமபுரிக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரு அம்மா, “பேரு என்ன கண்ணு?” என்றார்.

“சும்மா சொல்ல மாட்டேன் ஆயா. முறுக்கு குடுத்தா சொல்றேன்,” என்றது என் கீச்சுக்குரல்.

“அடி வாயாடி! அப்பனாட்டமே இருக்கா பாரு!”

பஸ்ஸே சிரித்தது. முறுக்கும் வந்தது. பாதியை நான் தின்றேன். பேசியவனுக்குக் கூலி வேண்டாமா? என் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பயிற்சி கொடுக்கும் மேடம் ஒரு பந்தைத் தூக்கிப் பிடித்து, “என்ன வேணும் பாப்பா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். மகள் பந்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தை அல்ல, வாயை.

“பந்து குடு டீச்சரு!” பழக்கதோஷம், கீச்சுக்குரல் கிளம்பிவிட்டது.

மேடம் சிரிக்கவில்லை. “வீட்லயும் இப்படித்தானாங்க?”

“ஆமாங்க. இவரு அவளுக்கு எங்க எடம் வுடறாரு?” என்றாள் மனைவி.

“உங்களாலதான் பேச்சு வரலைன்னு நான் சொல்லலைங்க. ஆனா இனிமே கேட்டுட்டுக் காத்திருங்க. ஒரு சத்தம் வந்தாலும் சரி, கை காட்டினாலும் சரி, உடனே குடுத்துடுங்க.”

“பேச்சு வந்துருங்களா மேடம்?”

“பார்க்கலாங்க.”

நானும் வியாபாரிதான். ‘பார்க்கலாம்’ என்று சொல்லிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து தக்காளி வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலம் வீட்டில் பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். “என்ன வேணும் பாப்பா?”

அவள் என் வாயைப் பார்த்தாள். கிளம்பிய கீச்சுக்குரலை நாக்கைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

“வாயத் தொறந்தீங்க, பாத்துக்குங்க,” என்று மனைவி அடுப்பங்கரையிலிருந்து அதட்டினாள்.

மகள் மடியில் ஏறினாள். விரலை விட்டு என் கீழுதட்டை இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். கை காட்டினாலும் போதும் என்றார் மேடம். அவள் கை காட்டியது பிஸ்கட்டை அல்ல, கீச்சுக்குரல் வரும் இடத்தை. நான் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பிஸ்கட் என் கையில் நமுத்துக்கொண்டிருந்தது.