பிதாவுக்கு ஒன்று, அவளுக்குப் பத்து

அந்தத் தையல்காரம்மாவுக்குத் தெருவில் வசனக்காரி என்றுதான் பெயர். பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போதும் வாயில் வேதவசனம் ஓடும். ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று சண்டைக்கு வந்தவர்கள்கூட ஒரு வசனத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பியதுண்டு. சிலை, படம், மெழுகுவத்தி எதுவும் அவளுக்கு ஆகாது. அவள் போகும் சபையில் சுவர் வெறும் சுவர்தான்.

புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது ஒரே மகன், பஸ் பணிமனையில் மெக்கானிக். அவன் போய் ஒரு கத்தோலிக்க நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, அவள் கோவிலிலேயே சேர்ந்தும்விட்டான். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். மருமகளைக்கூட ஒருவழியாகச் சகித்துக்கொண்டாள். சகிக்க முடியாதவள் இன்னொருத்தி, அவர்கள் வீட்டு மேசைமேல் நீல முக்காடு போட்டு நின்ற மாதா. அவளை மகன் 'அம்மா' என்று கூப்பிட்டதைக் கேட்ட அன்று தையல்காரம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பத்து மாதம் சுமந்தது நான், கூப்பிடுவது அவளையா?

விடுவாளா? வேதத்தைத் திறந்துகொண்டு மருமகளிடம் போனாள்.

"மரியாளுக்கு அப்புறமும் பிள்ளைங்க இருந்திருக்காங்க. இயேசுவோட தம்பிங்கன்னு எழுதியே இருக்கு."

"அதெல்லாம் பெரியம்மா சித்தி பிள்ளைங்க, அத்தை. உங்க சித்தி மகனை நீங்களும் தம்பின்னுதானே கூப்பிடறீங்க?"

அந்தத் தம்பி போன வாரம்தான் வந்து உரிமையோடு சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தான். தையல்காரம்மா வேதத்தில் வேறு பக்கத்தைப் புரட்டினாள்.

கைவசம் இன்னொன்று இருந்தது. இயேசு கூட்டத்துக்கு நடுவே பேசிக்கொண்டிருக்கிறார். தாய் வந்து வெளியே நிற்கிறாள் என்று ஓர் ஆள் போய்ச் சொல்கிறான். அவரோ, யார் என் தாய் என்று கேட்டுவிட்டு, தம் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டுகிறார்.

"பெத்த பிள்ளையே எழுந்து போகலை. நீங்க எதுக்கு விழுந்து விழுந்து கும்பிடறீங்க?"

"கடவுள் பேச்சைக் கேக்கறவங்கதான் தாய்னு சொன்னார். அப்படி முதல்ல கேட்டது மரியாள்தானே, அத்தை?"

அந்தப் பதில் காதில் ஏறவே இல்லை. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தையல்காரம்மாவுக்குக் குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும்.

மகன் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் அவள் கையால்தான் சட்டை. இந்த முறை தைத்து முடித்து இரண்டு வாரமாயிற்று, அவன் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தானே எடுத்துக்கொண்டு போனாள். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே ஜெபமாலை. மகன்தான் முன்னால் முழங்காலிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது உள்ளே போனால் கொள்கை என்னாவது? வாசலிலேயே நின்று யாருக்கு எத்தனை ஜெபம் என்று எண்ணினாள். பிதாவுக்கு ஒன்று, அவளுக்குப் பத்து. மறுபடி ஒன்று, மறுபடி பத்து. எனக்கு வாரத்துக்கு ஒரு போன்.

கதவோரம் இருந்த பெண் அவளைப் பார்த்துவிட்டாள். "தம்பி, உங்கம்மா வெளியே நிக்கறாங்க."

தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் வாயாலேயே எத்தனை தடவை சொன்ன இடம் அது! இவன் என்ன சொல்லப்போகிறான்? சட்டைப் பொட்டலத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மகன் திரும்பிப் பார்த்தான். ஜெபமாலை பிடித்த கையாலேயே கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

தப்பு ஒன்றுமில்லை, பாதியில் எழ முடியாதுதான். ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு வெளியே நின்றாளே அந்த மரியாள், அவள் என்ன செய்தாள்? காத்திருந்தாளா, திரும்பிப் போனாளா? வேதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இத்தனை வருஷம் படித்தும் கேட்கத் தோன்றியதில்லை.

ஜெபம் முடிந்ததும் மகன் ஓடிவந்தான்.

"உள்ள வரக்கூடாதாம்மா? ரொம்ப நேரமாவா நிக்கறே?"

சட்டையை அங்கேயே போட்டுப் பார்த்தான். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை. போகிற போக்கில் மேசைமேல் நின்றவளை ஓரக்கண்ணால் முறைத்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த வாரமே தையல் மெஷின் பக்கத்தில் மாமியார் மருமகள் சண்டை பழையபடி தொடங்கியது. பேச்சில் இயேசுவின் தம்பிகள் வந்தார்கள், ஜெபமாலையின் ஒன்றுக்குப் பத்து வந்தது. மருமகளுக்கே பொறுக்கவில்லை.

"என்ன அத்தை, வெளியே நின்ன கதையைக் காணோம்?"

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதை மட்டும் விட்டுடு. அவளும் பெத்தவதானே."