மலையம்மாள் சொன்ன மழைத்தண்ணி

சபிஹா டீச்சருக்கு அந்தப் பள்ளிக்கூடம் முதலில் பிடிக்கவே இல்லை. வீடு மதுரை கோரிப்பாளையத்தில். பள்ளி, பேரையூரையும் தாண்டி ஒரு கரிசல்காட்டு ஊரில். இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. காலை ஆறே காலுக்கு வீட்டைவிட்டு இறங்கினால்தான் ஒன்பது மணி பிரேயருக்குப் போய் நிற்க முடியும். பதினோரு வருடம் நகரத்துக்குள்ளேயே வேலை பார்த்தவளுக்குப் பதவி உயர்வோடு வந்த மாறுதல் இது. வந்து ஒன்றரை வருடமாகியும், பாடத்தை முடிப்பது, நோட்டுத் திருத்துவது, நாலரை மணி ஆட்டோவைப் பிடிப்பது என்பதற்கு மேல் அவள் அந்த ஊரில் எதையும் பார்த்ததில்லை.

அந்தக் கார்த்திகையில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘நீலிமா’ என்ற பாய்மரக் கப்பல் கோவாவிலிருந்து கேப் டவுன் வரை போகிறது. கப்பலில் ஐந்து பேர். எந்தப் பள்ளியும் பெயர் கொடுத்து, அதன் பயணத்தை இணையத்தில் நாள்தோறும் பார்த்து வரலாம். பிள்ளைகள் கேள்வி அனுப்பினால் கப்பலிலிருந்து பதில் வரும். ஏழாம் வகுப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை நடத்த வேண்டியிருந்ததால் சபிஹா பெயர் கொடுத்துவிட்டாள்.

தலைமையாசிரியர் அழகுபாண்டி சிரித்தார். “ஐப்பசி மழையே ஏமாத்திருச்சு. கண்மாய் காஞ்சு கெடக்கு. நீங்க கடலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களாக்கும்?”

“படத்துலதான சார்” என்றாள் சபிஹா.

பள்ளியில் போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் திருமங்கலம் போகும் பஸ்ஸிலேயே கப்பலின் அன்றைய குறிப்பைப் படித்து, தமிழில் நோட்டில் எழுதிக்கொள்வாள். வகுப்பின் பின்சுவர் முழுக்கப் பிள்ளைகள் இந்துமாக்கடலைச் சாக்பீஸால் வரைந்திருந்தார்கள். கப்பல் நிற்கும் இடத்தில் தினமும் ஒருவர் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார். யார் ஒட்டுவது என்று சண்டையே நடக்கும். தசமக் கணக்கைக் கண்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும் பேச்சிமுத்து, நேற்றைய பொட்டுக்கும் இன்றைய பொட்டுக்கும் நடுவே எத்தனை கடல்மைல் என்று தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தான்.

பூமத்திய ரேகை பக்கம் போனதும் பொட்டுகள் நகரவே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டியதாயிற்று. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. மூன்றாம் நாள் குறிப்பில் இன்னொரு சேதியும் இருந்தது. கடல்நீரைக் குடிநீராக மாற்றும் இயந்திரம் பழுதாகிவிட்டது. இருக்கும் தண்ணீரை ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் என்று பிரித்திருக்கிறார்கள்.

சபிஹா வாசித்து முடிப்பதற்குள் பேச்சிமுத்து எழுந்துவிட்டான்.

“ஏன் டீச்சர், அம்புட்டுத் தண்ணிக்கு நடுவுல இருந்துக்கிட்டுக் குடிக்கத் தண்ணி இல்லையா?” என்றான் பேச்சிமுத்து.

“உப்புடா. நம்ம போர் தண்ணியவிட மோசமா இருக்கும்” என்றாள் தமிழ்வாணி. வகுப்பிலேயே குறைவாகப் பேசும் பெண் அவள். “அங்க மழை பெய்யலையா டீச்சர்?”

“அப்பப்ப பெய்யுதாம். பாய்மரத் துணியிலருந்து வழியிற தண்ணியப் பிடிச்சுப் பாத்திருக்காங்க. பாய்ல அலை தெறிச்சுத் தெறிச்சு உப்புப் படிஞ்சிருக்கு. வாயில வைக்க முடியலையாம்.”

“எங்கம்மா வேட்டியில பிடிக்கும் டீச்சர்” என்றாள் தமிழ்வாணி.

வேட்டியில் தண்ணீர் பிடிப்பதா? சபிஹாவுக்குப் புரியவில்லை. ஆனால் பிள்ளைகள் எல்லாரும், “ஆமா டீச்சர், எங்க வீட்டுலயும் பிடிப்போம்” என்றார்கள். தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் அவள் நாலரை மணி ஆட்டோவைப் பிடிக்கவில்லை. தமிழ்வாணியோடு தெருவுக்குள் நடந்தாள். வாசல்தோறும் குடங்கள் வரிசையாக நின்றன. குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

தமிழ்வாணியின் அம்மா மலையம்மாள் அப்போதுதான் நூறு நாள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் வீடு தேடி வந்திருக்கிறாள் என்றதும் பதறிவிட்டாள்.

“புள்ள என்னமும் தப்புப் பண்ணிருச்சா டீச்சர்?”

“இல்லக்கா. நீங்க மழைத்தண்ணி எப்படிப் பிடிப்பீங்கன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்.”

சபிஹா கப்பல் கதையைச் சொன்னாள். மலையம்மாள் அதிகம் யோசிக்கவில்லை. கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியை எடுத்து, ஒரு முனையைத் தமிழ்வாணியிடமும் ஒரு முனையை டீச்சரிடமும் கொடுத்தாள்.

“இப்படி நாலு முனையவும் தூக்கிக் கட்டிரணும். நடுவுல ஒரு கல்லு. தண்ணி அங்கன கூடி ஒழுகும், கீழ குடத்த வச்சிர வேண்டியதுதான். ஆனா மொத மழையப் பிடிக்கக் கூடாது டீச்சர். துணியில உள்ள அழுக்கையெல்லாம் அது அலசிட்டுப் போகட்டும். பெறகு வாரதுதான் குடிக்கிற தண்ணி. அலை தெறிக்காத எடமாப் பாத்துக் கட்டச் சொல்லுங்க.” ஒரு நிமிடம் கழித்துச் சேர்த்துக்கொண்டாள்: “கல்லக் கழுவிப் போடச் சொல்லுங்க.”

திரும்பும் பஸ்ஸில் சபிஹா அதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழ்வாணி வரைந்து கொடுத்த படத்தையும் போட்டோ எடுத்து இணைத்தாள். அனுப்பிய பிறகு கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. கடலிலேயே கிடப்பவர்களுக்கு இது தெரியாதா என்ன?

நான்கு நாள் பதில் இல்லை. “படிச்சிருக்க மாட்டாங்க டீச்சர்” என்று பிள்ளைகளே அவளைத் தேற்றினார்கள்.

ஐந்தாம் நாள் காலை பஸ்ஸில் கப்பலின் குறிப்பைத் திறந்தாள். கேப்டன் ஷாம்பவி காமத் எழுதியிருந்தார்: ‘பாயில் பிடிப்பதையே நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். மதுரைப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்த பிறகு, புதுப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கப்பலின் பின்பக்கம் உயரக் கட்டினோம். நடுவில், நன்றாகக் கழுவிய ஒரு இரும்புக் குண்டு. முதல் பத்து நிமிட மழையை விட்டுவிட்டோம். பிறகு முப்பத்தெட்டு லிட்டர் கிடைத்தது. ஐந்தாறு நாளைக்குப் பிறகு எல்லாரும் வயிறாரத் தண்ணீர் குடித்தோம்.’

சபிஹாவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கண்டக்டர் குனிந்து பார்த்தார். “என்ன டீச்சர், எதுவும் சேதியா?”

“நல்ல சேதிதான்ணே” என்றாள்.

வகுப்பில் அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்கள். கூச்சல் அடங்கியதும் சபிஹா நோட்டை மூடினாள். “ஒன்றரை வருஷமா உங்க ஊருக்கு வந்துட்டுப் போறேன். உங்க வீட்டுல எப்படித் தண்ணி வருதுன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல. நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க.” பேச்சிமுத்து, “பரவால்ல டீச்சர்” என்றான்.

அரைப்பரீட்சைக்கு முந்தைய வாரம் கப்பல் மொரீஷியஸ் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து வீடியோவில் பேச கேப்டன் நேரம் கொடுத்திருந்தார். தலைமையாசிரியர் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடிக்கே வந்துவிட்டார். வேலையிலிருந்து அரை மணி நேரம் கேட்டு வந்த மலையம்மாள், பள்ளி கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். சபிஹா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

வெயிலில் கறுத்த முகத்தோடு கேப்டன் திரையில் வந்தார். யார் அந்த அம்மா என்று தெரிந்ததும் எழுந்து நின்று கும்பிட்டு ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். “அவங்க அஞ்சு பேர் சார்பாவும் உங்களுக்கு நன்றி சொல்றாங்கக்கா” என்றாள் சபிஹா.

மலையம்மாள் பதிலுக்குக் கும்பிட்டாள். பிறகு மெதுவாக, “இப்பத் தண்ணி பத்துதான்னு கேளுங்க டீச்சர்” என்றாள்.

சபிஹா கேட்டாள். இயந்திரத்தைச் சரிசெய்தாயிற்று, இனிமேல் பயமில்லை என்று பதில் வந்தது.

“அப்பச் சரி. இருந்தாலும் அந்தத் துணியப் பத்திரமா வச்சுக்கிரச் சொல்லுங்க.”

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குள் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு திரையை மறைத்துவிட்டார்கள். திமிங்கலம், சுறா, வாந்தி என்று ஒரே கேள்விமயம்.

மலையம்மாளுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கேட்டுவரை சபிஹாவும் கூடவே வந்தாள். “ரொம்ப நன்றிக்கா.”

“எனக்கு எதுக்கு டீச்சர்? வாயே தொறக்காத புள்ள, இப்ப வீட்டுக்கு வந்தா கடலு, காத்துன்னு ஓயாமப் பேசுது. நான்தான் உங்களுக்குச் சொல்லணும்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாரேன் டீச்சர்” என்று வேகமாக நடந்தாள்.

சபிஹா அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாக முணுமுணுத்தது. மரத்தடியில் யாரோ “டீச்சர், சீக்கிரம் வாங்க, அவங்க சொல்றது வெளங்கல!” என்று கத்தினார்கள். அவள் திரும்பி ஓடினாள்.