இலை நிறம் மாறும் ஆறு வாரம்

இலை பார்க்கக் கூட்டிப் போகிற தொழிலில் இலையைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. தலைகளை எண்ணுவதற்கே பொழுது சரியாகிவிடும். கல்யாண வீட்டுக்கு ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றி இறக்கிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், அவருக்கு நான் மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் எனக்கு வாய்த்த வேலை அது. கொழும்பில் ஒரு தினசரியில் பத்து வருடம் செய்தி திருத்திக்கொண்டிருந்தவன் நான். சிட்னிப் பத்திரிகைகளுக்கு நான் தேவைப்படவில்லை. இரண்டு பஸ் வைத்திருந்த கெவினுக்குத் தேவைப்பட்டேன். வார நாட்களில் பஸ் கழுவ வேண்டும், டெலிபோன் எடுக்க வேண்டும். அந்த நாட்டில் இலையுதிர்காலம் என்பது ஏப்ரலும் மேயும். அப்போது சனி, ஞாயிறுகளில் சிட்னிக்கு மேற்கே இருக்கிற நீலமலைக்கு ஆட்களைக் கூட்டிப் போய், பள்ளத்தாக்கில் நடக்கவைத்து, மிஸஸ் ஹார்ட்லி என்ற அம்மாவின் விடுதியில் கணப்புக்கு முன்னால் உட்காரவைத்து, மறுநாள் சிவந்த மரங்களைக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

என் மனைவி புவனம் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டுமானால், எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி எழுதித் தரவேண்டும் என்றது குடிவரவு அலுவலகம். கெவினிடம் கேட்டேன். எனக்கு முன்னால் இருந்த வழிகாட்டியைப் பற்றி வந்த புகார்க் கடிதங்கள் அவருடைய மேசை இழுப்பறையில் கட்டுக்கட்டாக இருந்தன. இழுப்பறையைத் திறந்து காட்டிவிட்டுச் சொன்னார்: "சீசன் ஆறு வாரம். இரண்டு புகார் வரலாம், மனிதர்கள்தானே. மூன்றாவது வந்தால் நீ பஸ் கழுவுவதோடு சரி. வராவிட்டால் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்."

அன்றையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை.

எண்ணிக்கை சரி

முதல் வாரம் இருபத்துமூன்று பேர். மலைமேல் பிளாக்ஹீத் என்ற ஊரில், பள்ளத்தாக்கைப் பார்க்கிற இடத்தில் இறக்கிவிட்டேன். பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பஸ்ஸும் நின்றது. அரை மணி கழித்து எல்லாரும் ஏறினார்கள். முன்னாலிருந்து பின்னால் ஒருமுறை, பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை எண்ணினேன். இரண்டு தடவையும் இருபத்துமூன்று. புறப்பட்டோம்.

பத்து மைல் போனபின் மூன்றாம் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி விழித்து, தன் கணவர் எங்கே என்று கேட்டார். பின்னால் புகைபிடிக்கிறவர்களோடு இருக்கிறார் என்று நினைத்திருந்தாராம். பின்னால் அவர் இல்லை. ஜன்னலோரம் ஒரு பருத்த மனிதர் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எங்களுடையவர் ஒருவரை விட்டுவிட்டு, அவர்களுடையவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். கணக்கில் தப்பில்லை, ஆளில்தான் தப்பு.

திரும்பிப் போனோம். விட்டுப்போன கணவர் மற்ற பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபமில்லை. அவர் மனைவிக்கு இருந்தது. திங்கட்கிழமையே முதல் புகார் கெவினுடைய மேசைக்கு வந்துவிட்டது. ஏன் ஐயா வாயைத் திறக்கவில்லை என்று ஆப்பிள்காரரைக் கேட்டதற்கு அவர் சொன்னது: "ஏறும்போதே ஆட்கள் மாறியிருப்பதைக் கவனித்தேன். ஆனால் இந்தக் கூட்டம் கொஞ்சம் கலகலப்பாக இருந்தது."

பச்சை

அந்த மலைக் காடு முழுவதும் யூகலிப்டஸ். யூகலிப்டஸுக்கு இலை சிவக்கிற வழக்கம் கிடையாது. சிவப்பதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் நட்டுக்கொண்ட மேப்பிளும் பீச்சும்தான். ஆகவே நிறம் பார்க்க வேண்டுமானால் தெருவில் நின்றால் போதும், நடக்கத் தேவையில்லை. நடந்தால் நிறம் கிடைக்காது. கெவினின் விளம்பரத் தாளிலோ, "சிவந்த இலைகளுக்கிடையே நான்கு மணி நேர நடை" என்று ஒரே வரியில் இருந்தது. நான் திருத்தியிருக்கக் கூடிய வரிதான். ஆனால் அது என் மேசைக்கு வரவில்லை.

மூன்றாம் வாரம் மிஸ் பார்ட்டன் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கையில் கைத்தடி, தோளில் சாயப் பெட்டி. ஓவியம் தீட்டுவதற்காகவே வந்திருந்தார். பள்ளத்தாக்கில் இறங்கினோம், அருவியைத் தொட்டோம், ஏறினோம். சாயப் பெட்டி திறக்கப்படவேயில்லை. நாளைக்குக் காலை நிறம் காட்டுகிறேன், இன்றைக்கு இந்தப் பன்னத்தைப் பாருங்கள், நுனியில் லேசாகச் சிவப்புத் தெரிகிறது என்று ஒரு செடியைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். இரண்டாவது புகாரை அவர் வீட்டுக்குப் போய்த்தான் எழுதினார். ஆனால் அதன் சாரத்தை அங்கேயே சொல்லிவிட்டார்: "நான் நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு நிறங்கள் சொல்லிக் கொடுத்தவள். இது பச்சை."

முற்றம் கூட்டுகிறவர்

இன்னும் ஒன்றுதான் பாக்கி. புவனத்திடமிருந்து நீல ஏரோகிராம் வந்தது. ஜூனில் பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லவேண்டும், வேலையை விடுவதா, இன்னொரு வருடம் இருப்பதா என்று அதிபர் கேட்கிறார், கடிதம் கிடைத்துவிட்டதா என்று எழுதியிருந்தாள். கிடைத்துவிடும் என்று எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

அதே மலையில் மவுண்ட் வில்சன் என்ற ஊரில் ஒரு கிழவர் வீட்டு முற்றத்தில் நாலு பெரிய மேப்பிள் மரங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவப்புக் கம்பளத்தின்மேல் ஆட்களை நிறுத்திப் படம் எடுக்கவைத்தால் எந்த முகமும் மலர்ந்துவிடும். தொல்லை என்னவென்றால், கிழவர் சுத்தக்காரர். விழுகிற இலையை அன்றன்றே கூட்டி, தோட்டத்து மூலையில் குவித்துக் கொளுத்திவிடுவார். நாலாம் வாரம் வியாழக்கிழமை டெலிபோன் செய்து, ஞாயிறு வரைக்கும் கூட்ட வேண்டாம் என்று கெஞ்சினேன். சரி என்றார். நம்பிக்கை வராமல் வெள்ளிக்கிழமை திரும்பவும் செய்தேன். சனிக்கிழமை காலை மத்திய ரயில் நிலையத்து வாசலில் ஆட்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கப் பொது டெலிபோனுக்கு ஓடினேன். மனிதர் சொன்னார்: "என் மனைவிகூட இந்த முற்றத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதில்லை."

நாலாம் வாரமும் ஐந்தாம் வாரமும் புகாரில்லாமல் கழிந்தன.

மலை இல்லாத ஊர்

ஆறாம் வாரத்துக்குப் பெயர் பதிந்தவர்கள் நம்மவர்கள். சிட்னி ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த டொக்டர் பரமலிங்கம், தெரிந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் சேர்த்து, தன்னோடு இருபத்திரண்டு பேராக வந்தார். டொக்டருக்கு ஐம்பது வயது. எங்கே எது சரியில்லையோ அங்கே கடிதம் எழுதுகிறவர் என்று பெயரெடுத்தவர். ரயில் பிந்தினால் எழுதுவார், பாண் ரொட்டி காய்ந்திருந்தால் எழுதுவார். இதை எனக்குச் சொன்னதே அவருடைய மனைவிதான், அதுவும் பெருமையாக.

வந்தவர்களில் சென்னைக்காரர் ஒருவர்தான், ராகவன் என்ற பொறியியலாளர். ரப்பர் செருப்போடு வந்திருந்தார். அருவிக்கு இறங்குகிற வழி முழுவதும், கொடைக்கானலில் இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது, ஊட்டியில் இதைவிட அதிகம் குளிரும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மழை தூறிச் சேறாகியிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கான்வாஸ் ஷூவோடு, எங்கள் பேச்சில் சப்பாத்தோடு, ஏறிய பெண்கள், ஏறி முடிக்கும்வரை அவருக்குப் பதில் சொல்லவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது ராகவன், "உங்க யாழ்ப்பாணத்துல மலையே கிடையாதே, அதான் இதைப் பார்த்து இப்படி அசந்துபோறீங்க" என்றார். டொக்டரின் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஓம் தம்பி, எங்கட ஊரிலை மலை இல்லை. அதாலை ஆரும் எங்களை இறக்கி ஏத்தினதுமில்லை."

வாசலில் இருபத்திரண்டு சோடி

விடுதிக்கு வந்தபோது எல்லாருடைய சப்பாத்திலும் கணுக்கால்வரை சேறு. அறைகளில் நல்ல கம்பளம் விரித்திருந்தது. டொக்டர் படியில் நின்று சத்தமாகச் சொன்னார்: "ஒருத்தரும் சப்பாத்தோடை அறைக்குள்ளை போகாதேங்கோ. அந்த மனுசியின்ரை கம்பளம் பழுதாப் போகும்." எல்லாரும் அவரவர் அறைக் கதவுக்கு வெளியே சோடி சோடியாக ஒழுங்காகக் கழற்றி வைத்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் தேநீருக்காகக் குசினிக்குப் போனேன். பொலிஷ் மணம் மூக்கில் அடித்தது. மிஸஸ் ஹார்ட்லி கதிரையில் உட்கார்ந்து வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்து விரலும் மண்ணிறம். அந்தக் காலத்து விடுதிகளில், இரவில் கதவுக்கு வெளியே சப்பாத்தை வைத்தால் மினுக்கித் தரச் சொல்கிறார்கள் என்று அர்த்தமாம். கணவர் உயிரோடு இருந்தபோது அது கணவருடைய வேலை. அவர் போனபின் யாரும் வெளியே வைக்கவுமில்லை, இவர் செய்யவுமில்லை. இன்றைக்கு நாலரைக்கு எழும்பி, தனியாக இருபத்திரண்டு சோடியையும் முடித்திருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார்: "இப்போது வருகிறவர்களுக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது."

நான் தேநீரை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

உறை

மாடிக்குப் போனால் டொக்டர் கதவருகே நிற்கிறார். கையில் மண்ணிறத்தில் பளபளக்கும் ஒரு சோடி.

"தம்பி, இது என்ரை டெனிஸ் சப்பாத்து. நேற்று வெள்ளையா இருந்தது."

மிஸஸ் ஹார்ட்லியிடம் ஒரே ஒரு டப்பா மண்ணிறப் பொலிஷ்தான் இருந்தது என்றும், சேற்றில் அது வெள்ளை என்று தெரிந்திருக்காது என்றும் சொன்னேன். பிறகு முழுவதையும் சொன்னேன். அடுத்த அறை வாசலில் ராகவன் தன்னுடைய ரப்பர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சார், இதுக்குப் பாலிஷ் போட்ட முதல் ஆள் இவங்கதான்" என்றார். டொக்டர் சிரிக்கவில்லை.

"அவ்வளவு சோடியும் தனியவோ?"

"ஓம், டொக்டர்."

"நாங்கள் வேணுமெண்டு வைச்சனாங்கள் எண்டு நினைக்கிறாவோ?"

"ஓம். நல்ல பழக்கம் தெரிஞ்ச ஆக்கள் எண்டு சந்தோசப்படுறா."

டொக்டர் சப்பாத்தைக் கீழே வைத்தார். "எழுதிறதுக்குத் தாள் கொண்டு வாரும்" என்றார். இதுதான் மூன்றாவது என்று நினைத்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தேன். காலைச் சாப்பாடு முடியும்வரை எழுதினார். இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். உறையில் போட்டு ஒட்டி, கெவினின் பெயரை எழுதி, என்னிடமே தந்தார். அன்று முழுவதும் அது என் சட்டைப் பையில் இருந்தது. மவுண்ட் வில்சனில் மேப்பிள்கள் எப்படி இருந்தன என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பஸ் சிட்னிக்குள் நுழைந்து பரமட்டா தாண்டும்போது, என் கை மூன்றாம் முறை பைக்குப் போவதைப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார்: "தம்பி, வழியிலை பிரிச்சுப் பாக்காதையும்."

திங்கட்கிழமை

வென்ட்வேர்த்வில்லில் என் அறையிலிருந்து வழக்கத்துக்கு இரண்டு ரயில் முந்தியே புறப்பட்டுவிட்டேன். கெவின் வரும்வரை கழுவிய பஸ்ஸையே திரும்பக் கழுவினேன். வந்தார், உறையைக் கிழித்தார், வாசித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி, மறுபடியும் வாசித்தார்.

டொக்டர் இலையைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. சப்பாத்தின் நிறத்தைப் பற்றியும் இல்லை. வேறெங்கும் மறந்துபோன ஒரு மரியாதை இந்த விடுதியில் இன்னும் இருக்கிறது, விடியற்காலையில் எழுந்து அதைச் செய்த அம்மாவுக்கு எங்கள் எல்லாருடைய நன்றியையும் நீங்கள் நேரில் தெரிவிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார். கெவின் டெலிபோனை எடுத்து மிஸஸ் ஹார்ட்லிக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினார். பிறகு டைப்ரைட்டரை இழுத்து, குடிவரவு அலுவலகத்துக்கு நான் கேட்ட கடிதத்தை அடித்தார். நிரந்தரம் என்ற சொல் இருந்தது. ஆனால் பதவிக்கு நேரே, "நடை வழிகாட்டி" என்பதற்குப் பக்கத்தில் "சப்பாத்துப் பராமரிப்பாளர்" என்றும் இருந்தது. அதில் விரலை வைத்துக் கேட்டேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "விளம்பரத்தில் இதைப் போடப்போகிறேன். மிஸஸ் ஹார்ட்லிக்கு முழங்கை போய்விட்டது. அடுத்த சீசனில் இருந்து சப்பாத்து நீ."

உத்தியோகம்

புவனம் ஜனவரியில் வந்தாள். ஏப்ரலில் முதல் வாரப் பயணத்துக்கு அவளையும் கூட்டிப்போனேன். விடியற்காலை தேநீர் தேடி இறங்கி வந்தவள், விடுதியின் பின்படியில் மடியில் துணி விரித்து, இடக் கையை ஒரு சப்பாத்துக்குள் விட்டு, சுற்றிலும் பத்தொன்பது சோடியோடு நான் இருப்பதைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு வந்தவள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சோடியை எடுத்துச் சேற்றைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "இலை காட்டுற உத்தியோகம் எண்டெல்லோ நீங்கள் எழுதினது?"

ஆறு வருடம் ஊருக்கெல்லாம் இலை நிறம் மாறுவதைக் காட்டினேன். நிறம் மாறியதை நான் நின்று பார்த்தது ஒன்றே ஒன்று, டொக்டர் பரமலிங்கத்தின் வெள்ளைச் சப்பாத்து.