வெர்னா விட்ட ஆச்சரியக்குறி

ப்ளூமிங்டன் கணினிக்கூடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடுத்த பட்டியலையே மாற்றிவிடுகிற நிரலின் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட வேண்டும். ‘உஷார், இது கைவைக்கும்’ என்று அர்த்தம். இருபது வருஷம் தவறாமல் போட்டவள் அங்கே நிரல் எழுதும் வெர்னா. அதனால் அவளிடம் கேள்வி கேட்க ஒரு ஈகூட வருவதில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் வேண்டுமென்றே குறியை விட்டுவிட்டாள்.

மறுநாளே அதே கூடத்தில் வேலை பார்க்கும் டுவேன் இந்தியானா மாநிலமே அதிர வந்து நின்றான்.

“என்ன வெர்னா, வரிசைப்படுத்திப் புதுசா ஒண்ணு தரும்னு நம்பிக் குடுத்தா, உங்க நிரல் என் பட்டியலையே கலைச்சுப் போட்டுருச்சே! குறி எங்க?”

“மறந்துட்டேம்ப்பா. உக்காரு, காப்பி சூடா இருக்கு.”

“நீங்களா மறந்தீங்க? காப்பியெல்லாம் வேணாம், முதல்ல குறியைப் போடுங்க!”

அவள் போடும்வரை நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். வெர்னா அவனுக்கு ஊற்றியதையும் தானே குடித்தாள்.