சம்பந்தி காரின் ஸ்பேனர் விளக்கு

இரண்டு கார் நிற்கிற ஷெட். நடுவில் ஆள் இறங்கி நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு ஒரு குழி. சுவரில் அளவு வாரியாக ஸ்பேனர்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகப் போய் வேண்டியதை எடுக்கும். இது அத்தனையும் ஒரே ஆள் உண்டாக்கியது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவன் ஷெட்டில் மண்ணெண்ணெயில் நட்டு கழுவ உட்கார்ந்து, திட்டு வாங்கி, உதை வாங்கி, ஐம்பத்தெட்டு வயதில் அந்த வட்டாரத்துக்கே மெக்கானிக் என்றால் அவர்தான் என்று ஆனவர். யாரும் கைதூக்கி விடவில்லை. கையெழுத்தை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் போடுவார். ஆனால் வண்டி தெருமுனை திரும்பும்போதே எந்த சிலிண்டர் இழுக்கவில்லை என்று சொல்லிவிடுவார். படித்தவன் எவனாவது சொல்லட்டும், பார்ப்போம்.

அப்பேர்ப்பட்டவரை ஒருத்தர் மட்டும் மனிதராகவே மதித்ததில்லை. அவருடைய சம்பந்தி.

பெரிய அலுவலகத்தில் சூப்பரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஷெட்டில் அவருக்குப் பெயரே சூப்பரண்டுதான். மெக்கானிக்கின் ஒரே மகளும் சூப்பரண்டின் இளைய மகனும் தாங்களே பார்த்து, தாங்களே முடிவு செய்துகொண்ட கல்யாணம். மகன் பிடித்த பிடியில் தகப்பன் தலையாட்டினார், மனசு ஆடவில்லை. மெக்கானிக் அந்த வீட்டுக்குப் போனால் "வாங்க சம்பந்தி" என்று வாய் சொல்லும். கை ஒரு செய்தித்தாளை எடுத்து நாற்காலியில் விரிக்கும். அதன்மேல்தான் உட்கார வேண்டும். மகளுக்குத் தினப்படி குத்தல் வேறு. சாம்பார் என்றோ ரசம் என்றோ இல்லை, எது சரியில்லை என்றாலும் ஒரே பேச்சுதான்: "மெக்கானிக் பொண்ணுதானே." அவள் பட்டப்படிப்புப் படித்து வேலைக்குப் போகிறவள் என்பதெல்லாம் அந்தக் காதில் ஏறாது.

இவ்வளவு இருந்தும் சூப்பரண்டு காரை மட்டும் இங்கேதான் கொண்டுவருவார். உறவை மதித்து அல்ல. வேறு ஷெட்டில் கூலி கேட்பான், சம்பந்தி வாய் திறக்க முடியாது, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் ஒரு சங்கதி நடந்தது. காருக்கு ஆயில் மாற்றி முடித்ததும் மீட்டரில் எரிகிற ஸ்பேனர் படத்தை அணைக்க வேண்டும். சர்வீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கார் போடுகிற விளக்கு அது. ஆயிலை மாற்றினாலும் அது தானாகப் போகாது. மீட்டரில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பி, பத்து எண்ணும்வரை விடாமல் இருந்தால் அணையும். மெக்கானிக் அன்றைக்குக் கையைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே உட்கார்ந்தார். இருந்தும் ஸ்டியரிங்கில் கட்டைவிரல் கறை ஒன்று பதிந்துவிட்டது. சூப்பரண்டு வீட்டில் எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிட்டு, பஞ்சால் அந்தக் கறையைத் துடைத்து, பஞ்சை ஆளாளுக்குக் காட்டியிருக்கிறார். மகளுக்கும் காட்டினார். அவள் அழுதுகொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து மெக்கானிக் முறையை மாற்றினார். எந்தக் கார் வந்தாலும் கை சுத்தமாக இருக்கும்போதே முதலில் உள்ளே உட்கார்ந்து ஸ்பேனர் விளக்கை அணைத்துவிடுவார். அப்புறம்தான் குழியில் இறங்குவது. ஒன்பது வருஷம், எந்த வண்டியிலும் ஒரு பொட்டுக் கறை கிடையாது.

சூப்பரண்டுக்கு இது தெரியாது. அவருக்கு விளக்குதான் வேதவாக்கு. வண்டியை எடுக்க வந்தால் முதல் வேலையாகச் சாவியைப் போட்டு மீட்டரைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "உங்க தொழில்ல ஊத்தாமலே ஊத்தினேன்னு சொல்றவன்தான் ஜாஸ்தி சம்பந்தி, தப்பா நினைச்சுக்காதீங்க" என்பார். மெக்கானிக்குக்குக் காது மடல் சூடேறும். "என் கையில அப்படி ஒண்ணு நடந்தா நானே உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு சொல்றேன்" என்று ஒருமுறை சொன்னார். "வந்தா பார்ப்போம்" என்று சூப்பரண்டு கிளம்பிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை சூப்பரண்டு காரை விட்டுவிட்டு, "நாளைக்குக் காலைல பெரியவன் ஊருக்குக் கிளம்பறோம். நானூறு கிலோமீட்டர். சாயங்காலம் எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் போனார். மெக்கானிக் வழக்கம்போல விளக்கை அணைத்தார். புது ஆயில் டப்பாவையும் பில்டரையும் பெஞ்சில் எடுத்து வைத்தார். குழியில் கால் வைக்கும் நேரத்தில் ஆள் ஓடிவந்தது: சந்தை முனையில் ஒரு வேன், பிரேக் மிதித்தால் தரைவரை போகிறது, உள்ளே ஏழு பேர். பையைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு அன்றைய பொழுது அங்கேயே கழிந்தது. ஷெட்டில் டயர் வேலை பார்க்கிற அவருடைய தம்பிதான் இருந்தார். சூப்பரண்டு வந்தார், சாவியைப் போட்டார், மீட்டரைப் பார்த்தார், விளக்கு இல்லை. தம்பியும் எட்டிப் பார்த்தார், விளக்கு இல்லை. வண்டி போய்விட்டது.

மறுநாள் காலையில் ஷெட்டைத் திறந்தால் பெஞ்சில் டப்பா சீல் உடையாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பில்டர், அட்டைப்பெட்டியோடு.

"டேய், சூப்பரண்டு வண்டியை எப்படிடா குடுத்தே?"

"விளக்கு அணைஞ்சிருந்துச்சேண்ணே."

"நான்தாண்டா முதல்லயே அணைப்பேன். பதினஞ்சு வருஷமா கூட இருக்கே, தெரியாதா?"

"நீ குழிக்குள்ள இருக்கிறப்போ நான் டயரோட இருக்கேன். விளக்கை எப்ப அணைக்கிறேன்னு நான் என்ன காவலா உட்கார்ந்திருக்கேன்?" தம்பி டப்பாவைப் பார்த்தார். "விடுண்ணே. பழைய ஆயிலு இன்னும் ஆயிரம் ஓடும். ஊர்லேர்ந்து வந்ததும் ஏதாவது சத்தம் கேக்குதுன்னு சொல்லி இழுத்துட்டு வந்து மாத்திடலாம். யாருக்குத் தெரியும்?"

தம்பி சொன்னதில் தப்பே இல்லை. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. போய்ச் சொன்னால் ஆகப்போவது மகளுக்குத்தான். இதுவரை மெக்கானிக் பெண்ணாக இருந்தவள் இனி ஏமாற்றுக்காரன் பெண்ணாவாள். சொல்லாமல் விட்டால்? ஒன்பது வருஷமாக அந்த ஆள் சொல்லிக்கொண்டிருப்பது நிஜமாகிவிடும். அவருக்குத் தெரியாமலே நிஜமாகி, மெக்கானிக்குக்கு மட்டும் தெரிந்து, நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கும். அடுத்த தடவை "ஊத்தாமலே ஊத்தினேன்னு" என்று அந்த வாய் ஆரம்பிக்கும்போது இந்தக் கண் கீழே பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஆளுக்கு முன்னால் அது முடியாது. வேறு எவனாக இருந்தாலும் பார்க்கலாம்.

டப்பா, பில்டர், தட்டு, ஸ்பேனர், ஒரு கோணி. எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

சூப்பரண்டு வீட்டுப் போர்ட்டிகோவில் காரின் டிக்கி திறந்திருந்தது. மகள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சூப்பரண்டு வெள்ளைச் சட்டையில் நின்று எந்தப் பை எங்கே என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தி, காலங்காத்தால கடையோட வந்துட்டீங்க?"

மெக்கானிக் சுற்றி வளைக்கவில்லை. "நேத்து உங்க வண்டிக்கு ஆயில் மாத்தல. விட்டுப்போச்சு. இப்ப மாத்திடறேன்."

சூப்பரண்டு சிரித்தார். "விளக்கு போயிடுச்சே."

"அதை நான் முதல்லயே அணைச்சிடுவேன்."

"ஆயில் மாத்தாம விளக்கு எப்படிப் போகும்?"

"பொத்தானை அழுத்தினா போகும். அதுக்கு ஆயிலைப் பத்தி என்ன தெரியும்? அது கிலோமீட்டரை எண்ணுது, அவ்வளவுதான்."

சூப்பரண்டின் கண் சுருங்கியது. "ஊருக்குக் கிளம்பற நேரத்துல வந்து இன்ஜினைத் திறக்கணும்ங்கறீங்க. நேத்து வேற ஏதோ ஒடைச்சு வெச்சுட்டீங்க. அதை மறைக்க இந்தக் கதை."

மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிக் காட்டினார். "பாருங்க. கரி."

"போன வருஷம் கறுப்பா இருக்குன்னு நான் கேட்டப்ப என்ன சொன்னீங்க? டீசல் வண்டி, ஊத்தின அன்னைக்கே கறுத்துடும்னு சொல்லலை?"

சொன்னதுதான். அதுவும் உண்மைதான். டப்பாவைக் காட்டினார். "கடைல ஆயிரம் டப்பா இருக்கு" என்றார் சூப்பரண்டு. இத்தனை வருஷம் செய்ததைச் செய்யவில்லை என்ற மனுஷன், இன்றைக்குச் செய்யாததைச் செய்ததாகச் சாதிக்கிறார். மெக்கானிக் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கோணியை விரித்தார், மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்தார்.

"யாரைக் கேட்டு... டேய், வெளில வாடா, உன் மாமனார் வண்டியைக் கழட்டறார்" என்று சூப்பரண்டு உள்ளே பார்த்துக் கத்தினார். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார், குழாய்ச் சத்தம்தான் பதில் சொன்னது. அதற்குள் போல்ட் கழன்று ஆயில் தட்டில் கொட்டத் தொடங்கியது. இனி ஊற்றாமல் வண்டி நகராது.

பழைய பில்டரைக் கழற்றி, துணியால் துடைத்து, சம்பந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார். அதன் வயிற்றில் மார்க்கரில் ஒரு தேதி. மாட்டுகிற ஒவ்வொரு பில்டரிலும் அவர் எழுதுவது. எழுத்துதான் அவருக்குத் தகராறு, எண் முத்து முத்தாக வரும்.

"போன வருஷத்துத் தேதி. நேத்து மாத்தியிருந்தா நேத்துத் தேதி இருக்கும். இப்ப நம்புவீங்களா?"

சூப்பரண்டு படித்தார். சட்டையில் படாமல் இரண்டடி பின்னால் போனார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சந்தோஷம் ஏறியது. ஒன்பது வருஷமாக அவர் காத்துக்கொண்டிருந்த நாள் தானாக நடந்து வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது.

"அப்ப விளக்கு அணைஞ்சதுக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை வருஷமும் முதல்லயே அணைச்சுட்டீங்க. அதுல எத்தனை தடவை ஊத்தினீங்களோ, எத்தனை தடவை ஊத்தலையோ."

"இந்த ஒரு தடவை ஊத்தல."

"மாட்டினது ஒரு தடவை."

"மாட்டல. நான் வந்து சொன்னேன்."

"சொல்லாம என்ன பண்ணுவீங்க, பயம். நடுவழியில இன்ஜின் நின்னா உங்க பேர்தானே வரும்."

"ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் நிக்காது. அது தெரிஞ்சுதான் வந்தேன்." மெக்கானிக் புது பில்டரின் ரப்பரில் விரலால் ஆயில் தடவி, கையால் முறுக்கி மாட்டினார். "முதல்ல எதுக்கு அணைக்கிறேன்னு கேளுங்க. ஸ்டியரிங்ல ஒரு கறைன்னு ஊரைக் கூட்டிப் பஞ்சைக் காட்டினீங்களே, அதுக்கு. அந்தப் பஞ்சு இல்லைன்னா இன்னைக்கு இந்தத் தப்பே நடந்திருக்காது."

"ஓஹோ. நீங்க ஆயில் ஊத்தாததுக்கு என் பஞ்சு காரணம். பேசத் தெரியாதுன்னு சொல்வாங்க, நல்லாத்தான் பேசறீங்க."

மெக்கானிக் புனலை வைத்து ஊற்றினார். டப்பாவின் கடைசிச் சொட்டு இறங்கும்வரை நிறுத்திப் பிடித்தார். குச்சியை விட்டு அளவு பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு, அடியில் கசிவு இல்லை என்று பார்த்து, நிறுத்தி, மறுபடி அளவு பார்த்தார். கோபத்திலும் வேலையில் ஒன்றைக்கூட விடவில்லை. முடித்துக் கோணியைச் சுருட்டியபோது ஒரே வார்த்தை சொன்னார்:

"இனிமே இந்த வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டுவராதீங்க."

"கொண்டுவர்றதுக்கு எனக்குப் பைத்தியமா?" என்று சொல்லிவிட்டு சூப்பரண்டு செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெரிய மகனுக்குத்தான். "கேட்டியாடா சங்கதியை" என்று குரல் ஜன்னல் வழியாக வந்தது. அதில் அப்படி ஓர் உற்சாகம்.

ஸ்கூட்டர்வரை மகள் வந்தாள். அப்பாவுக்காகப் பரிந்து பேச வருகிறாள் என்று அவர் நினைத்தார்.

"ஏம்ப்பா வந்து சொன்னீங்க?"

"சொல்லாம எப்படிம்மா?"

"நீங்க சொல்லிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போயிடுவீங்க. இன்னைக்கு நானூறு கிலோமீட்டர் அவர் பின்னாடி உட்கார்ந்துகிட்டுப் போறது யாரு? அங்க போய் இதையே சொல்லுவார், திரும்பி வர்றப்பவும் சொல்லுவார். உங்களுக்கு உங்க பேர்தான் முக்கியம்."

"வேற என்ன பண்ணியிருக்கணும்கறே?"

"தெரியாது. பண்ணினது சரிதான். இருந்தாலும் எனக்கு உங்க மேலதான் ஆத்திரமா வருது. போங்க."

போனார். அன்று முழுக்க ஷெட்டில் தம்பிகூட அவர் பக்கம் வரவில்லை. ஒரு போல்ட்டை வேண்டாத முறுக்கு முறுக்கி ஒடித்தார். சொந்த ஷெட் போட்ட முப்பது வருஷத்தில் ஒடித்த முதல் போல்ட்.

நான்காம் நாள், ஊரிலிருந்து திரும்பியிருந்த மாப்பிள்ளையிடமிருந்து போன்.

"மாமா, ஊர்ல பெரிய ரகளை. அண்ணன் வீட்ல எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கோம். அப்பா அந்த ஆயில் கதையை மூணாவது தடவையா ஆரம்பிச்சார். உங்க பொண்ணு பரிமாறிட்டிருந்த கரண்டியைக் கீழ வெச்சா. 'மாமா, நீங்க முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல இருந்தீங்க. உங்க தப்பு ஒண்ணையாவது யாரும் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களா போய்ச் சொல்லியிருக்கீங்களா'ன்னு கேட்டுட்டா. அண்ணி வீட்டு ஆளுங்க எல்லாம் இருந்தாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்வார், தட்டுல கை கழுவிட்டு எழுந்துட்டார். அன்னைலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. காரை நாளைக்குக் கம்பெனி சர்வீஸுக்கே விடறேன்னு குதிக்கிறார். வீடு நரகமா இருக்கு மாமா. உங்க பொண்ணைக் கொஞ்சம் கூப்பிட்டுக் கண்டிச்சு வைங்க."

மெக்கானிக் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் இருந்த பிளக்கின் முனையைத் தேய்த்தார்.

"வண்டியில கோளாறுன்னா நான் பார்ப்பேன் மாப்ளே. எம்பொண்ணுகிட்ட கோளாறு எதுவும் எனக்குத் தெரியல" என்றார். "அவ பக்கத்துல இருந்தா போனைக் குடுங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு மாப்பிள்ளைதான் திரும்ப வந்தார்.

"இப்பப் பேச மாட்டாளாம் மாமா. உங்க மேல இன்னும் கோபம் தீரலையாம்."

"சரி. தீர்றப்போ பேசச் சொல்லுங்க" என்று போனை வைத்தார்.