பன்னக்கா போட்டுக்கொண்ட ஊசி

பன்னக்கா கன்னத்தில் மாட்டுத் தோலை ஏற்றிக்கொண்டுவிட்டார் என்றொரு பேச்சு தெருவில் கிளம்பியது. ஏற்றிய கன்னம் கல்லாகிவிட்டதாம். அதனால்தான் இத்தனை நாளாக அம்மணி சிரிக்கவே இல்லையாம். யார் பார்த்தது என்று நூல் பிடித்துப் போனால், தையல்காரர் முட்டைக்காரரைக் கைகாட்டினார். முட்டைக்காரரோ, "தோல் டாக்டரோட மாடிப்படியில அக்கா இறங்கி வந்தாங்க. அதத்தான் பார்த்தேன். மத்ததெல்லாம் நானா சேர்த்துக்கிட்டது" என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

ஊசி நிஜம். ஆனால் கன்னத்தில் இல்லை, முன்கையில். அதற்குக் காரணமே தான்தான் என்பது முட்டைக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

பன்னக்கா நடத்துவது அப்பா வைத்த பேக்கரி. சிறு வயதில் அவரும் தங்கையும் விடியுமுன்னே அடுப்புக்கு முன் நிற்பார்கள். ஒருத்தி தட்டை உள்ளே தள்ளினால் மற்றவள் இழுப்பாள். மறுநாள் முறை மாறும். அடுப்பு வெளிச்சத்தில் இரண்டு முகமும் ஒரே மாவில் பிடித்த இரண்டு பன் மாதிரி இருக்கும். அக்கா மிச்சக்காசைக் குறைத்துக் கொடுத்தால் தங்கை திட்டு வாங்குவாள். தங்கை விட்ட புளுகுக்கு அக்கா முட்டுக்கொடுப்பாள். யார் புருவத்தில் மாவு ஒட்டினாலும் மற்றவள் ஊதிவிடுவாள். கடையில் கண்ணாடியே கிடையாது. எதற்கு? எதிரில் நிற்பவளைப் பார்த்தால் போதாதா?

தங்கை கல்யாணமாகிக் கடல் கடந்து போன வாரத்தில்தான் பன்னக்கா சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினார்.

போன மாதம் தங்கை போனில் முகம் காட்டி, "வர்றேன்கா, டிக்கெட் போட்டாச்சு" என்றாள். முட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கா, பொண்ணா? அச்சு அசலா உங்க ஜாடை!"

தங்கைக்கும் அவருக்கும் இரண்டே வயது வித்தியாசம். அன்றைக்கு ஒரு தட்டு பன் கரியாகப் போயிற்று.

பக்கத்தில் நின்றால் ஊரே அம்மா என்று சொல்லும் என்ற பயத்தோடு பன்னக்கா மாடிப்படி ஏறினார். "மூக்கோரத்துலேர்ந்து வாயோரம் வரைக்கும் இந்தக் கோடு. இத அழிச்சுக் குடுங்க டாக்டரம்மா."

"அழிக்க முடியாது. அடியில கொஞ்சம் தூக்கிக் குடுக்கலாம். கொலாஜன்னு, தோலுக்கு உறுதி குடுக்கற சத்து. வயசானா குறையும். இது மாட்டுத் தோல்லேர்ந்து எடுத்து சுத்தம் பண்ணினது. நிரந்தரம் இல்ல, சில மாசத்துல உடம்பே கரைச்சிடும்."

"மாவு மாதிரி. பொங்கும், அப்புறம் அமுங்கிடும்."

"அப்படியே வச்சுக்குங்க. ஆனா இந்த வகைய எடுத்த எடுப்புல முகத்துல குத்தக் கூடாது. சிலருக்கு ஒத்துக்காது. முன்கையில துளி போட்டு நாலு வாரம் பார்ப்போம். சிவந்தாலோ தடிச்சாலோ அரிச்சாலோ, முகத்துக்குக் கிடையாது. சோதனை வேண்டாம், இன்னிக்கே போட்டு அனுப்பறேன்னு எவனாவது சொன்னா, ஓடி வந்துடுங்க."

கோடு மேலும் ஆழமாகிவிடக் கூடாதென்று அன்று முதல் பன்னக்கா சிரிப்பதை நிறுத்தினார். தெரு அதைத்தான் கல் என்று படித்துக்கொண்டது.

கன்னத்தைக் காத்தவர் கையைக் காக்க மறந்தார். மூன்றாவது வாரம், பழக்கதோஷத்தில் தட்டை இழுத்தபோது அதன் விளிம்பு சரியாக அந்த இடத்தில் உரசியது.

"சிவந்திருக்கே!" என்றார், நாலு வாரம் முடிந்து கையைப் பார்த்த டாக்டர்.

"அது தட்டு."

"தடிச்சும் இருக்கே!"

"அதுவும் தட்டுதான்."

"இதுல எது ஊசி, எது சூடு?"

"எனக்கெப்படித் தெரியும்? குத்தினது நீங்க."

டாக்டர் மறு கையைத் திருப்பினார். அதிலும் அடுப்பு வருஷக்கணக்காக வைத்த புள்ளிகள். "எனக்குன்னு ஒரு இடம் விடலையேம்மா நீங்க. இந்தச் சூடு ஆறட்டும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் முகத்துல கை வைக்க மாட்டேன்."

தங்கை வர மூன்று நாள்தான் இருந்தது.

வந்தவள் பெட்டியோடு நேரே கடைக்குள் நுழைந்தாள். பன்னக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வரவேற்றார்.

"பல்லு வலியாக்கா?"

"இல்லடி. உன் முகம் மட்டும் எப்படி இப்படி வழவழன்னு?"

"ஊசி. ரெண்டு தடவை. பாரு, இந்தப் பக்கம் கரைஞ்சிடுச்சு, அந்தப் பக்கம் இன்னும் நிக்குது."

பன்னக்கா தங்கையின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பாதி நீ. மீதி எவளோ."

"அங்க கண்ணாடியில உன்னைத் தேடினேன்கா. ஒரு கிழவிதான் நின்னா. அதான் போட்டுக்கிட்டேன்."

பன்னக்காவின் முந்தானை தானாகக் கீழே இறங்கியது. அந்த நேரம் பார்த்தா முட்டைக்காரர் வர வேண்டும்? தங்கையின் கரைந்த கன்னம் வாசல் பக்கம் இருந்தது. அவர் இவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அக்கா... தங்கச்சியா?"

பன்னக்கா சிரித்தார். சேர்த்துவைத்த சிரிப்பெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. கோடுகள் காதுவரை ஓடின. ஓடட்டுமே.

அடங்கியதும் தங்கையின் தோளில் ஒன்று போட்டார். "ஏய், நீ கிளம்பின அன்னிக்கு தட்டு இழுக்கற முறை யாருது? உன்னுது. நான்தான் இழுத்தேன். அது பாக்கி."

"நாளைக்கே தீர்த்துடறேன்கா."

மறுநாள் விடியலில் தங்கை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பன்னக்கா போர்வையை இழுத்து மூடிவிட்டு, தானே போய் அடுப்பின் முன் நின்றார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தங்கை வந்து ஒரு வாரம் ஆகிறது. பாக்கி இன்னும் பாக்கியாகவே இருக்கிறது.