வெட்டுப்பட்ட கொட்டை

கொள்ளுப்பேத்தி தரையில் தேய்த்துச் சூடாக்கிய ரப்பர் கொட்டையை என் கையில் வைத்ததும், ஜப்பான்காரன் காலத்தில், பெடாஸ் பக்கத்து எஸ்டேட் லயத்தில், கொட்டைகளையே காய்களாக்கி, நாலைந்து காய் மட்டும் மிஞ்சிய சதுரங்கப் புதிருக்கு அப்பாவும் அம்மாவும் விடை தேடிக் குனிந்திருந்த மாலை திரும்பி வந்தது.

ஆள் பிடிக்க வந்த ஜப்பான் சிப்பாய், பூட்ஸ் தோல் கிறீச்சிடக் குந்திப் பலகையையே பார்த்தான். பிறகு, அப்பா வெட்டி வெளியே வைத்திருந்த அம்மாவின் கொட்டையை எடுத்து, அப்பாவின் காயாகவே பலகையில் இறக்கினான். தப்பாட்டம் பொறுக்காத அப்பா வாயெடுக்க, "ஒன்னும் சொல்லாதீங்க" என்று அம்மா அவர் தொடையை அழுத்தினாள். அப்பா அவனைப் பார்த்து, சரியென்று தலையசைத்தார். அவன் சிரித்தான்.

அவர்கள் ஊர்ச் சதுரங்கத்தில், வெட்டிய காயை வெட்டியவனே தன் படையில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள், சயாமில் தண்டவாளம் போட அப்பாவை லாரியில் ஏற்றியவனும் அவன்தான்.